இளம் சபை புதிய ஊழியத்தை எப்போது தொடங்கலாம்?

கொழும்பில் ஒரு சபை தொடங்கி ஒன்றரை வருஷம் ஆனால் போதும், ஆராதனை முடிந்து எல்லாரும் பிளேன்டீயும் பிஸ்கட்டுமாக நிற்கிற நேரத்தில் யாராவது ஒருவர் போதகரைப் பிடித்துக் கேட்டுவிடுவார்: "பாஸ்டர், எங்கட சபையில எப்ப வாலிபர் ஊழியம் தொடங்கப் போறீங்க?" அடுத்த வாரம் இன்னொருவர் மாதர் கூட்டம் கேட்பார். அதற்கும் அடுத்த வாரம் ஒரு தம்பி வந்து, ஒரு கமெரா வாங்கினால் ஆராதனையை ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போடலாமே என்பார். எல்லாம் நல்ல கேள்விகள்தான். சபைமேல் அன்பு இருப்பதால்தான் கேட்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆம் சொன்ன ஒரு சபையில் மூப்பராக இருக்கிறேன், அதனால் வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2021 கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேலே, வாடகைக்கு எடுத்த மாடியில் தொடங்கினோம். பிள்ளைகளோடு சேர்த்து 34 பேர். ஒரு வருஷத்துக்குள் ஞாயிறு பாடசாலை, வாலிபர் கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், நேரலை, சனிக்கிழமை இரவில் தெருவில் படுப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் என்று ஐந்து ஊழியம். பெரியவர்கள் 25 பேர்தான். ஐந்துக்கும் பெயர்களை எழுதிப் பார்த்தால் அதே எட்டுப் பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள், அதை நாங்கள் எழுதிப் பார்த்ததே பிறகுதான். ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணி இருக்கும், பார்சல்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், பின்பக்கத்துப் பைப்படியில் ஒரு அக்கா தனியாகக் குந்தியிருந்து பெரிய பருப்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காஸ் விலைக்குப் பயந்து விறகடுப்பில் வைத்த சட்டி, வெளியே கரி, உள்ளே அடிப்பிடித்த பருப்பு, தும்பால் எவ்வளவு உரசினாலும் லேசில் போகாது. உதவி செய்யக் கிட்டப் போனேன். நிமிராமலே சொன்னார்: "தம்பி, நாளைக்குப் பிள்ளைகளின்ட வகுப்பும் எனக்குத்தான். மூண்டு மாசமா நான் ஒரு பிரசங்கம்கூட முழுசாக் கேக்கேல்ல." கோபம் எதுவும் இல்லை, நடப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து அவர் வரவில்லை. அடுத்த மாதம் அவருடைய கணவரும் வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் மறுபடி சபையில் வந்து உட்கார ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். உங்கள் சபை வெள்ளவத்தையிலோ வத்தளையிலோ மட்டக்குளியிலோ இருக்கலாம், அளவும் வேறாக இருக்கலாம், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் வீடுகளுக்குப் போங்கள்

ஆராதனை, வசனம், ஜெபம், வீடு சந்திப்பு. முதல் வருஷத்துக்கு இந்த நாலும் போதும், உண்மையில் இதுவே நிறைய வேலை. கொழும்பில் ஒரு தமிழ்ச் சபை என்றால் ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும், ஒரு குடும்பம் மட்டக்களப்பு, புறக்கோட்டைக் கடையில் வேலை செய்கிற தம்பிமார் அட்டன் பக்கம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலமோ சிங்களமோ பேசுவார்கள். பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரே பாட்டைப் பாடுவார்கள், ஆனால் ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் மிதித்திருக்க மாட்டார். சபையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது போய் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்து, அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு வேலை நிலையாக இருக்கிறதா, அம்மம்மாவுக்குச் சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ளாத வரைக்கும் புதிய ஊழியம் பற்றிய பேச்சைத் தள்ளி வையுங்கள். அப்படிப் போய்வரும்போதுதான் எது உண்மையான தேவை என்பதே கண்ணில் படும். வேறு சபையின் பேனரைப் பார்த்து வருகிற ஆசை வேறு, ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வருகிற பாரம் வேறு.

கொப்பியில் பெயர் எழுதுங்கள்

ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது ஒரு ஊழியத்தைப் பற்றிச் சொன்னால் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அந்த ஊழியம் யாருக்காக என்று பெயர் பெயராக எழுதுங்கள். "வாலிபர்கள்" என்று எழுதக் கூடாது, இன்னாருடைய மகன், 17 வயது, உயர்தரம் படிக்கிறான், ஞாயிறு காலை ரியூசன் என்று எழுத வேண்டும். ஐந்து பெயராவது வராவிட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஜெபியுங்கள், மூன்று மாதம் கழித்துத் திறந்து பாருங்கள்.

எங்கள் வாலிபர் கூட்டம் ஏன் நிலைக்கவில்லை என்பது இப்படி எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஏழு பேரில் மூன்று பேர் 13, 14 வயது, இரண்டு பேர் உயர்தரம், மற்ற இருவர் வேலைக்குப் போய்ச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள். இவர்களை ஒரே அறையில் இருத்தி ஒரே பாடம் நடத்தினால் யாருக்குமே அது பொருந்தாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கூட்டமே கிடையாது. ஆளுக்கொரு மூத்தவர் மாதத்தில் இரண்டு தரம் பக்கத்தில் இருந்து பேசினால் போதும். அப்படித்தான் இப்போது செய்கிறோம், அதற்கு பெயரும் கிடையாது, பேனரும் கிடையாது.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை இந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருதரம் வாசித்துப் பாருங்கள். எருசலேமில் சபை பெருகுகிறது, கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள், முறுமுறுப்பு எழும்புகிறது. தேவை முதலில் வந்தது, அதுவும் முகமுள்ள தேவை. அப்போஸ்தலர்கள் அதைத் தாங்களே இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை, ஜெபத்தையும் வசனத்தையும் விடவும் இல்லை, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப்போன பக்கத்துக்கு நெருக்கமானவர்களிடமே அந்தப் பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

இதை நாங்கள் 2024இல் செய்து பார்த்தோம். கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டம் பக்கத்து வீடுகளில் தங்கி வேலை செய்கிற மலையகப் பெண்கள் இரண்டு மூன்று பேர் எப்போதாவது வருவார்கள், பாதி ஆராதனையில் எழும்பிப் போய்விடுவார்கள். விருப்பம் இல்லை என்று நினைத்தோம். ஞாயிறு என்றால் அந்த வீடுகளில் மத்தியானச் சாப்பாடு பெரிதாக நடக்கும், பத்தரைக்குள் குசினிக்குத் திரும்ப வேண்டும், அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது பின்னேரம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் என்று எங்கள் சபையில் உள்ள ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அவர் பொகவந்தலாவைக்காரர், அவரே 11 வருஷம் அப்படி ஒரு வீட்டில் வேலை செய்தவர். பொறுப்பை அவரிடமே கொடுத்தோம். ஞாயிறு பின்னேரம் இரண்டரைக்கு, பாட்டு, ஒரு சின்ன வசனம், பிறகு சும்மா இருந்து கதைப்பது, வீட்டுக்கு ஃபோன் எடுப்பது, சம்பளம் பிந்தினால் என்ன செய்வது என்று கேட்பது. ஆறு பேரோடு தொடங்கியது. இதை நானோ போதகரோ நடத்தியிருந்தால் இரண்டாம் வாரமே அவர்கள் வந்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு நிச்சயம்.

ஆள் இருக்கிறதா?

ஒரு ஊழியத்துக்கு ஒருவர் மட்டும் ஆயத்தம் என்றால் தொடங்க வேண்டாம். இரண்டு பேர் வேண்டும், மூன்றாவதாகப் பக்கத்தில் நின்று பழகுகிற ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. கொழும்பில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நல்ல, படித்த, உற்சாகமான வாலிபப் பிள்ளை என்றால் கனடாவுக்கோ லண்டனுக்கோ டுபாய்க்கோ ஒரு ஃபைல் எங்காவது நகர்ந்துகொண்டிருக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை சபைகளில் பாட்டுக் குழுவே பாதியாகக் குறைந்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். அதனால் தொடங்குமுன் அந்த ஆளிடமே அன்பாகக் கேளுங்கள்: "தம்பி, நாளைக்கு உமக்கு விசா வந்தா இதை ஆர் செய்வினம்?" அவன் ஒரு பெயரைச் சொன்னால் தொடங்கலாம். யோசித்தால், அந்தப் பெயர் கிடைக்கும்வரை பொறுங்கள்.

இன்னொன்று, அந்த இரண்டு பேரும் ஏற்கெனவே வேறு ஊழியத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் சபையில் இப்போது ஒரு ஆளுக்கு ஒரு ஊழியம்தான், மாதத்தில் இரண்டு ஞாயிறாவது எந்தப் பொறுப்பும் இல்லாமல் குடும்பத்தோடு உட்கார்ந்து வசனம் கேட்க வேண்டும். அந்தச் சட்டியைத் தேய்த்த அக்காவுக்குப் பிறகு வைத்த ஒழுங்கு இது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அப்புறம், புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்களின் உற்சாகத்தைப் பார்த்துப் பெரிய பொறுப்பைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உதவிக்காரர் முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். கதிரை அடுக்குவது, வருகிறவர்களை வாசலில் வரவேற்பது, முடிந்தபிறகு கூட்டுவது, இப்படி ஆறு மாதம் போகட்டும். யாரும் பார்க்காத நேரத்தில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பது அங்கே தெரியும்.

காசு

முதல் நாள் செலவை எல்லாரும் கணக்குப் பார்ப்பார்கள், ஆறாவது மாதச் செலவை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பார்சல் 250 ரூபாய் என்று வைத்தால்கூட 40 பார்சல் 10,000, மாதத்தில் நாலு சனிக்கிழமை 40,000, ஆறு மாதத்துக்கு 2,40,000. சபையின் வாடகையோடு இதை வைத்துப் பாருங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்டது சீஷத்துவத்தைப் பற்றித்தான், ஆனாலும் அந்த உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற ஒரு சகோதரர் மாதாமாதம் அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லி வாங்குங்கள், ஆனால் அந்தப் பணம் நின்றால் மூடவேண்டிய ஊழியமாக அது இருக்கக் கூடாது. பாதிச் செலவையாவது உள்ளூர்க் காணிக்கை தாங்கினால்தான் நாங்கள் தொடங்குகிறோம்.

நாள், இடம், அக்கம்பக்கம்

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை ரியூசன், கடையில் வேலை செய்பவர்களுக்குச் சனி முழுநாளும் வேலை. போயா தினத்தில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், ஒருநாள் கூடுகைக்கு நல்ல நாள், ஆனால் பக்கத்தில் விகாரை இருந்தால் அன்று ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். டிசம்பரில் எதையும் தொடங்காதீர்கள், பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு இன்னொன்று, ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், அந்த நாட்களில் தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

வாரநாளில் புதிதாக ஒரு கூட்டம் வைப்பதாக இருந்தால் வீட்டுக்காரரிடமும் கீழ்க் கடைக்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் 14ஆம் உறுப்புரைகள் உறுதிப்படுத்துகின்றன, ஆனாலும் புதிய வழிபாட்டிடங்களைக் கட்டுவது பற்றி 2008இல் வந்த சுற்றறிக்கையைக் காட்டி வீட்டுக் கூட்டங்களைக்கூட விசாரித்த இடங்கள் உண்டு. பயப்படத் தேவையில்லை, தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒருதரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிவாரண வேலை என்றால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள், ஜெபத்துக்கு வந்தால்தான் சாமான் என்ற எண்ணம் யாருக்கும் வரவிடாதீர்கள். பசியோடு நிற்கிற ஒரு மனிதரை அப்படி நிறுத்துவது அவருக்கு அவமானம், சுவிசேஷத்துக்கும் அவமானம்.

பிள்ளைகள் ஊழியத்துக்கு மட்டும் தனி அளவுகோல்

மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இதில் முடியாது. ஒரே வீட்டைச் சேராத இரண்டு பெரியவர்கள் எப்போதும் அறையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பெற்றோர் எழுதித் தந்திருக்க வேண்டும், தனியாக ஓட்டோவில் கொண்டுபோய் விடுகிற வேலை கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கும் தெரிகிற உயரத்தில். இவ்வளவுக்கும் ஆள் இல்லையென்றால் பிள்ளைகள் ஆராதனையில் அம்மா அப்பா மடியில் இருக்கட்டும். சத்தம் போடுவார்கள், பரவாயில்லை. எங்கள் ஞாயிறு பாடசாலையை எட்டு மாதம் நிறுத்தி வைத்தோம், அந்த எட்டு மாதத்தில் ஒரு பிள்ளையும் சபையை விட்டுப் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு என்று சொல்லித் தொடங்குங்கள்

அறிவிப்பு கொடுக்கும்போதே முடிவு நாளையும் சொல்லுங்கள்: "பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் செய்து பார்க்கிறோம்." இப்படிச் சொன்னால் நிறுத்துவது தோல்வி மாதிரி இருக்காது. ஏப்ரல் முடிவில் செய்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்து உட்காருங்கள், முதல் கேள்வியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்க வேண்டாம், "நீங்கள் எப்படி இருக்கிறீங்க, வீட்டில என்ன சொல்லுகினம்" என்று கேளுங்கள். மனைவியோ கணவரோ முகம் சுளிக்கிறார் என்றால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கொப்பியை எடுத்து அந்த ஐந்து பெயருக்கும் என்ன நடந்தது என்று பாருங்கள். நடத்துவதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று அன்றைக்கே முடிவெடுத்து, நிறுத்துவதென்றால் ஞாயிறு ஆராதனையில் அவர்களை முன்னால் கூப்பிட்டு நன்றி சொல்லி ஜெபித்து நிறுத்துங்கள். நாங்கள் நேரலையை அப்படித்தான் நிறுத்தினோம். அந்த இரண்டு தம்பிமாரும் ஃபோன் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்காமல் கதிரையில் இருந்து பாடியதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தாமதமாகிவிடுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1816இல், கிராமத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களில் தொடங்கி, உயர்கல்விக்கான வட்டுக்கோட்டை செமினரி வந்தது 1823இல். ஏழு வருஷம். நம்முடைய சபைக்கு மூன்று வருஷம் பொறுப்பது ஒன்றும் பெரிதில்லை.

அவசரம் வேறு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும், கொப்பியைத் திறந்து பெயர் எழுதிக்கொண்டிருக்க முடியாது, சட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் அப்படிப் போகும்போதே எத்தனை வாரம் என்று உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் பார்சல் வேலை 2022 நெருக்கடியில் சரியான நேரத்தில்தான் தொடங்கியது. எப்போது முடிப்பது என்று யாரும் பேசாததால் அது எட்டுப் பேரின் தோளில் ஏறி அப்படியே இருந்துவிட்டது.

இப்போது கொப்பியில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது: சிங்களத்தில் ஒரு ஆராதனை. வீட்டில் சிங்களம் பேசுகிற பிள்ளைகள், சிங்களவரைக் கட்டிய இரண்டு குடும்பம் என்று ஒன்பது பெயர் எழுதியாயிற்று. ஆராதனையாகத் தொடங்காமல் முதலில் வத்தளையில் ஒரு வீட்டில் புதன்கிழமை வீட்டுக் கூட்டமாக வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். நடத்த ஒரு சகோதரி ஆயத்தம். இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை, ஒரு தம்பி பரீட்சை முடிந்து சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் சொல்லும்வரை அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்று புதன்கிழமைகளில் அந்த ஒன்பது வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்வருகிறோம்.